கட்டடம் பிறகு, முதலில் ஒரு பயிற்றுநர்: யாழ்ப்பாணத்துக் கல்லூரிகளின் பழைய மாணவர் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்புக்குரிய தலைவர்களுக்கும் செயலாளர்களுக்கும், யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் லண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் இருக்கிற கிளை உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. குருநகரில் பிறந்தவள். கடற்கரைப் பிள்ளைகளையும் நகரத்துப் பிள்ளைகளையும் ஒரே வகுப்பில் வைத்துப் படிப்பித்தவள். உங்களிடம் கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். உங்கள் சங்கங்களில் இரண்டு மூன்று ஒன்றுசேர்ந்து, யாழ்ப்பாணக் கடல்நீரேரியில் எங்கள் பிள்ளைகளுக்குத் துடுப்புப் படகோட்டம் பழக்க ஒரு பயிற்றுநரைப் பத்து வருடத்துக்கு நியமியுங்கள். நியமனக் கடிதத்தோடு, மாதச் சம்பளத்தோடு, ஊழியர் சேமலாப நிதியோடு. படகுகளைப் பற்றி அப்புறம் பேசலாம். முதலில் ஆள் வேண்டும்.

ஏன் படகோட்டம், அதற்கு ஏன் பத்து வருடம் என்று கேட்பீர்கள். இரண்டாவது கேள்விக்கு ஒரு மனிதரின் வாழ்க்கையைச் சொல்லித்தான் என்னால் பதில் தர முடியும்.

அமெரிக்காவின் ஹார்வார்ட் பல்கலைக்கழகத்தில் ஹாரி பார்க்கர் என்றொரு பயிற்றுநர் இருந்தார். 1963 இல் அங்கே ஆண்கள் படகுக் குழுவுக்குத் தலைமைப் பயிற்றுநரானார். 2013 ஜூன் 25 அன்று இறக்கும்வரை அதே பொறுப்பில், அதே சார்ள்ஸ் ஆற்றங்கரையில் இருந்தார். ஐம்பது வருடம் ஒரே வேலை, ஒரே ஆறு. அந்த வேலை அவரிடம் வந்ததே ஒரு சாவினால்தான். முன்பிருந்த பயிற்றுநர் ஹார்வி லவ் அந்த வருடம் திடீரென்று மாரடைப்பில் இறந்துபோனார். அப்போது முதலாம் வருட மாணவர்களைப் பழக்கிக்கொண்டிருந்த 27 வயது இளைஞரிடம், தற்காலிகமாக என்று சொல்லி, பொறுப்பைக் கொடுத்தார்கள். பார்க்கர் பென்சில்வேனியாவில் தத்துவம் படித்தவர். அங்கே ஜோ பர்க் என்ற பயிற்றுநரிடம் துடுப்புப் பிடிக்கக் கற்றவர். 1960 ரோம் ஒலிம்பிக்கில் தனியாள் படகில் ஐந்தாவதாக வந்தவர்.

ஹார்வார்டுக்கும் யேல் பல்கலைக்கழகத்துக்கும் இடையில் ஒரு படகுப் போட்டி உண்டு. 1852 இல் தொடங்கியது. அமெரிக்கக் கல்லூரிகள் ஒன்றோடொன்று மோதிய முதல் விளையாட்டே அதுதான் என்கிறார்கள். ஒலிம்பிக்கில் வழக்கமான தூரம் 2000 மீற்றர். இங்கே நான்கு மைல், ஏறக்குறைய ஆறரைக் கிலோமீற்றர். நம்மூரில் வடக்கின் பெரும் போர் என்கிற கிரிக்கெட் போட்டி வந்தால் நகரமே இரண்டாகப் பிரிந்து நிற்குமே, அவர்களுக்கு அந்தப் போட்டி அப்படி. பார்க்கர் பொறுப்பேற்ற 1963 இல் ஹார்வார்ட் வென்றது. அதிலிருந்து 1980 வரை 18 வருடம் தொடர்ந்து வென்றது. அவருடைய காலத்தில் நடந்த 51 போட்டிகளில் 44 வெற்றி, 7 தோல்வி.

வெற்றிக் கணக்கை மட்டும் காட்டி உங்களைச் சம்மதிக்க வைக்க எனக்கு விருப்பமில்லை. 1968 இல் ஹார்வார்டின் எட்டுப் பேர் படகு அமெரிக்காவின் படகாகவே மெக்சிக்கோ ஒலிம்பிக்குக்குப் போனது. இறுதிப் போட்டியில் ஆறாவது, அதாவது கடைசி. அதற்காக அவரை யாரும் வீட்டுக்கு அனுப்பவில்லை. நான்கு வருடம் கழித்து, மியூனிக்கில், அவர் பழக்கிய அமெரிக்க எட்டுப் பேர் படகு வெள்ளிப் பதக்கம் வென்றது. இந்த நான்கு வருடத்தைத்தான் நான் உங்களிடம் கேட்கிறேன். எங்கள் கல்லூரிகளில் ஒரு பருவம் தோற்றால் பயிற்றுநர் மாறுகிறார். அல்லது அவரே மனம் விட்டுப் போகிறார். தோல்வியிலிருந்து அவர் கற்றுக்கொண்டது எதுவும் அடுத்த பிள்ளைகளுக்குக் கிடைப்பதில்லை.

பார்க்கர் அதிகம் பேசாதவர் என்று அவரிடம் பழகியவர்கள் எல்லோருமே சொல்லியிருக்கிறார்கள். கத்துவதும் இல்லை, தட்டிக்கொடுப்பதும் குறைவு. ஆனால் மாணவர்கள் ஹார்வார்ட் மைதானத்தின் உயர்ந்த கல்படிகளில் ஏறி இறங்கி ஓடும்போது தானும் ஓடுவார். வயது போன பிறகும் ஓடினார். படகில் யார் உட்காருவது என்பதை அவர் தீர்மானித்த விதம் எனக்கு மிகவும் பிடித்தது. நான்கு பேர் படகுகள் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிடுவார்கள். எந்தப் படகு எவ்வளவு முந்தியது என்று குறித்துக்கொள்வார்கள். பிறகு ஆற்றின் நடுவிலேயே படகுகளை ஒட்டி நிறுத்தி, இந்தப் படகில் ஒருவரையும் அந்தப் படகில் ஒருவரையும் இடம் மாற்றி, மறுபடியும் ஓடவிடுவார்கள். மற்ற ஆறு பேரும் அப்படியே இருக்க, படகுகளுக்கிடையில் இருந்த இடைவெளி மாறினால், அதற்குக் காரணம் இடம் மாறிய அந்த இருவரும்தான். தோள் பெரிதாக இருக்கிறவன் வெல்லவேண்டும் என்றில்லை. படகு யாரோடு வேகமாகப் போகிறதோ அவருக்கே இடம். இந்த முறையைப் பரப்பியவர்களில் முதலாவதாகப் பார்க்கரின் பெயரைத்தான் சொல்கிறார்கள்.

குழுத் தெரிவு என்றால் எங்கள் ஊரில் என்னென்ன பேச்சு எழும் என்று உங்களுக்குத் தெரியும். யாருடைய மகன், எந்தப் பகுதிப் பிள்ளை, யார் சொல்லி வந்தவன்... முப்பது வருடத்துக்கு மேல் ஆசிரியர் அறையில் இருந்து இதையெல்லாம் கேட்டவள் நான். பிள்ளைகள் இந்தப் பேச்சைப் பெரியவர்களை விட முதலே புரிந்துகொள்கிறார்கள். புரிந்ததும் மெல்ல விலகிப்போகிறார்கள். அப்படி விலகியவர்களின் முகங்கள் எனக்கு இப்போதும் நினைவிருக்கின்றன. எல்லோர் கண்முன்னும் தண்ணீரில் வைத்துத் தெரிவு நடக்கிற ஒரு விளையாட்டு அவர்களுக்குக் கிடைத்திருக்கவேண்டும்.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். ஒலிம்பிக்கில் பெண்களின் படகோட்டம் முதன்முதலில் 1976 இல் மொன்றியலில்தான் சேர்க்கப்பட்டது. அமெரிக்கப் பெண்களின் எட்டுப் பேர் படகைப் பழக்கியவர் இதே பார்க்கர். அந்தப் படகு வெண்கலம் வென்றது. அதே வருடம் மார்ச் மாதத்தில் யேல் பல்கலைக்கழகத்தின் பெண்கள் குழு நிர்வாகத்தின் அலுவலகத்துக்குள் போய்ப் போராட்டம் நடத்தியிருந்தது. காரணம் மிகச் சாதாரணமானது. பயிற்சி முடிந்ததும் குளித்து உடை மாற்றப் பெண்களுக்கு இடமில்லை. ஆண்கள் குளித்துவிட்டு வரும்வரை, குளிருக்குள் நனைந்த உடுப்போடு அவர்கள் பேருந்தில் காத்திருக்கவேண்டியிருந்தது. அந்தப் போராட்டத்தில் நின்ற ஆன் வார்னர், சில மாதங்களில் மொன்றியலின் வெண்கலப் படகில் இருந்தார். அதனால் குருநகரிலோ பண்ணைக் கரையிலோ நீங்கள் ஒரு படகுக் கொட்டில் போடுவதானால், முதல் வரைபடத்திலேயே பெண் பிள்ளைகள் உடை மாற்றும் அறையும் கழிவறையும் இருக்கவேண்டும். பிறகு பார்க்கலாம் என்று விட்டால், அந்தப் பிறகு வருவதற்குள் பிள்ளைகள் நின்றுவிடுவார்கள்.

2011 இல் பார்க்கருக்கு இரத்தம் உற்பத்தியாவதைப் பாதிக்கும் கடும் நோய் இருப்பது தெரிந்தது. அதற்குப் பிறகும் அவர் பயிற்சியை விடவில்லை. 2013 ஜூனில் அவருடைய மாணவர்கள் மறுபடியும் யேலை வென்றார்கள். சில வாரங்களுக்குள் அவர் காலமானார். அவரிடம் துடுப்புப் பிடித்தவர்களில் பலர் பிறகு தாங்களும் பயிற்றுநர்களானார்கள். பல்கலைக்கழகத்துக்கு வெளியே, பணம் இல்லாதவர்களும் துடுப்புப் பிடிக்கட்டும் என்று பொஸ்ரனில் 1985 இல் தொடங்கிய பொதுமக்கள் படகோட்ட அமைப்பின் தொடக்கத்திலும் அவர் இருந்தார். அந்த அமைப்பின் படகு மனைக்கு இன்று அவருடைய பெயர்.

சரி, ஹார்வார்ட் எங்கே, நாங்கள் எங்கே என்று நீங்கள் கேட்கலாம். பணத்தில் ஒப்பிட முடியாது. எனக்குத் தெரியும். நான் ஒப்பிடுவது ஒன்றைத்தான். பார்க்கருக்கு அடுத்த மாதச் சம்பளம் வருமா என்ற கவலை இருக்கவில்லை. எங்கள் பயிற்றுநர்களுக்கு அந்தக் கவலை ஒரு நாளும் தீர்ந்ததில்லை.

நான் படிப்பித்த காலத்தில் ஒரு கல்லூரியில் பிள்ளைகளை மெய்வல்லுநர் போட்டிகளுக்குப் பழக்கியவர் ஒருவரை அறிவேன். கல்லூரியின் பெயரும் அவருடைய பெயரும் வேண்டாம். காலை ஐந்தரைக்கு மைதானத்தில் நிற்பார். பின்நேரம் மறுபடியும் வருவார். இடையில் ஓட்டோ ஓட்டித்தான் வீடு நடந்தது. அவருக்குக் கொடுத்ததைக் கொடுப்பனவு என்பார்கள், சம்பளம் என்று யாரும் சொன்னதில்லை. சில மாதம் வரும், சில மாதம் பிந்தும். நியமனக் கடிதம் கிடையாது. அவர் பழக்கிய பிள்ளைகள் மாகாண மட்டத்தில் பதக்கம் எடுத்தபோது மேடையில் அவரை அழைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். அடுத்த வருடம் அவர் வெளிநாடு போய்விட்டார். போனது சரியென்றுதான் அன்றைக்கும் நினைத்தேன், இன்றைக்கும் நினைக்கிறேன். அவருக்கும் பிள்ளைகள் இருந்தார்கள். ஆனால் எந்தப் பிள்ளைக்கு எந்தக் காலில் நோ, யாரை அதட்டலாம், யாரை அதட்டினால் அடுத்த நாள் வரமாட்டாள் என்றெல்லாம் அவர் அறிந்து வைத்திருந்தது அத்தனையும் அவரோடு விமானம் ஏறிவிட்டது.

ஓய்வுக்காலத்துக்கான ஊழியர் சேமலாப நிதிக்குச் சம்பளத்தில் ஊழியரிடமிருந்து 8 வீதம், தொழில் தருநரிடமிருந்து 12 வீதம். ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்குத் தொழில் தருநர் இன்னும் 3 வீதம். ஒரு கடையில் வேலை செய்கிற பிள்ளைக்குக் கூடச் சட்டப்படி இது உண்டு. உங்கள் கல்லூரியின் கொடியைத் தூக்கிப் பிடிக்கிற பயிற்றுநருக்கும் இது இருக்கவேண்டும். சங்கமோ அதன் நம்பிக்கைப் பொறுப்போ முறையாகத் தொழில் தருநராகப் பதிந்தால் இதைச் செய்யலாம். உங்களில் கணக்காளர்கள் இருக்கிறார்கள், சட்டத்தரணிகள் இருக்கிறார்கள். எனக்கு விளங்காத விவரங்கள் அவர்களுக்கு விளங்கும்.

இனி முதல் கேள்வி. ஏன் படகோட்டம்?

எங்களிடம் தண்ணீர் இருக்கிறது. தண்ணீரோடு பழகிய சனமும் இருக்கிறது. வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல், எங்கள் மாலுமிகளோடு புறப்பட்டு, 1938 ஆகஸ்ட்டில் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. அந்தக் குளொஸ்ரர் இருப்பது மசாசூசெற்ஸ் மாநிலத்தில். பார்க்கர் ஐம்பது வருடம் பயிற்சி கொடுத்த சார்ள்ஸ் ஆறும் அதே மாநிலத்தில்தான் கடலில் கலக்கிறது. 1954 இல் நவரத்தினசாமி பாக்கு நீரிணையை நீந்திக் கடந்தார். 1971 இல் ஆழிக்குமரன் ஆனந்தன் அதை நீந்திப் போய்த் திரும்பியும் வந்தார். இவர்களைப் பற்றி விழா மலர்களில் எழுதுகிறோம். ஆனால் எங்கள் கல்லூரிகளின் இல்ல விளையாட்டுப் போட்டிகளில் ஒரு துடுப்பைக்கூட நான் கண்டதில்லை. கொழும்பில் பேரை வாவியில் படகோட்டக் கழகம் 1864 இலேயே தொடங்கிவிட்டது. சென்னையில் அடையாற்றில் 1867 இல். இரண்டு கழகங்களும் ஒன்றோடொன்று போட்டி நடத்தி வருகின்றன. நடுவில் இருக்கிற யாழ்ப்பாணம் அந்த வரிசையில் இல்லை.

பெற்றோர் பயப்படுவார்கள். அந்தப் பயத்தை லேசாக எடுக்கவேண்டாம் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். நெடுந்தீவிலிருந்து வந்த குமுதினிப் படகில் பயணிகள் கொல்லப்பட்டது 1985 மே 15 இல். போர்க்காலத்தில் கிளாலியில் இரவிரவாகக் கடல்நீரேரியைக் கடந்த குடும்பங்கள் இன்னும் எங்கள் நடுவில் இருக்கின்றன. அந்தப் பாதையில் போனவர்கள் எல்லோரும் கரை சேரவில்லை. 2004 டிசம்பர் 26 இல் வடமராட்சி கிழக்கில் நடந்ததைச் சொல்லத் தேவையில்லை. இந்த ஊரில் ஒரு தாய் தன் பிள்ளையைப் படகில் ஏறவிட மறுத்தால், அவளுக்கு அதற்குக் காரணம் இருக்கிறது. ஆகவே முதலாம் வருடத்தில் பயிற்றுநர் செய்யவேண்டியது நீச்சல். உடுப்போடு நீந்தப் பழக்குவது, கவிழ்ந்த படகைப் பிடித்தபடி இருக்கப் பழக்குவது, உயிர்காப்பு அங்கி இல்லாமல் யாரையும் ஏற்றாதிருப்பது, பயிற்சிப் படகின் பின்னால் எப்போதும் ஒரு இயந்திரப் படகு போவது. பெற்றோரை வாரம் ஒருமுறை கரைக்கு அழைத்துக் காட்டவேண்டும். இதையெல்லாம் பொறுமையாகச் செய்ய, அடுத்த வருடமும் இருப்பேன் என்று தெரிந்த ஒருவரால்தான் முடியும்.

எங்கள் கடல்நீரேரியைப் பற்றியும் கொஞ்சம் சொல்கிறேன். இது ஆழமில்லாத நீர். பல இடங்களில் இடுப்பளவு, நெஞ்சளவுதான். மரக்கோல் ஊன்றியே வள்ளத்தைத் தள்ளிப் போவார்கள். தொடக்கநிலைப் பிள்ளைகளுக்கு இது நல்லது. ஆனால் களங்கண்டி என்கிற, ஓரிடத்தில் கட்டிவைக்கும் மீன்பிடி வலைகளுக்கு நட்ட தடிகள் நிறைய உண்டு. எட்டுப் பேர் ஏறும் பந்தயப் படகு ஏறக்குறைய 17 மீற்றர் நீளம், அதன் எடை 96 கிலோவுக்குக் குறையக்கூடாது என்பது விதி. அந்த நீளத்துக்கு அந்த எடை மிகக் குறைவு. ஒரு தடியில் பட்டாலே ஓட்டையாகிவிடும். துடுப்பு வலிப்பவர்கள் முதுகைக் காட்டிப் போகிறவர்கள், முன்னால் இருப்பதைப் பார்ப்பதில்லை. பிறகு காற்று. சோளகம் என்கிற தென்மேல் காற்றுப் பெயர்ந்தால் மே தொடங்கிச் செப்ரெம்பர் வரை பகலில் தண்ணீர் கலங்கிக் கிடக்கும். விடியற்காலையில் மட்டும் கொஞ்சம் அடங்கும். வடகீழ்க் காற்று வீசும் வாடைக்காலம் மழையோடு வரும். இவை இரண்டுக்கும் இடைப்பட்ட பங்குனி, சித்திரை நாட்கள்தான் நீண்ட பயிற்சிக்கு நல்லவை. எந்தத் துண்டுத் தண்ணீர் எந்தக் காற்றில் அமைதியாக இருக்கும் என்று பாசையூரிலும் நாவாந்துறையிலும் இருக்கிற கடற்றொழிலாளிகளைக் கேட்டால் சொல்வார்கள். வெளியிலிருந்து மூன்று மாத ஒப்பந்தத்தில் வருகிற நிபுணர் அதைக் கற்று முடிக்கும்போது அவருக்குத் திரும்பிப் போகும் நாள் வந்துவிடும்.

அதனால் தொடக்கத்திலேயே விலை கூடிய பந்தயப் படகுகளை இறக்குமதி செய்யவேண்டாம். அகலமான, அலை தாங்குகிற கரையோரப் படகுகளோடு தொடங்கலாம். பைபர் வள்ளம் கட்டுகிற கைகள் எங்கள் ஊரிலேயே இருக்கின்றன. காரைநகரில் சீநோர் நிறுவனத்தின் படகு கட்டும் தளம் இருந்த நாளிலிருந்து அந்தத் தொழில் இங்கே உண்டு. உலகமும் இந்தப் பக்கம் திரும்புகிறது. 2028 லொஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் கடற்கரைப் படகோட்டம் முதன்முறையாகச் சேர்க்கப்படுகிறது. மணலில் ஓடிப்போய்ப் படகில் ஏறி, மிதவைகளை வளைந்து வளைந்து 250 மீற்றர் போய், திரும்பி வந்து, குதித்து இறங்கி மறுபடியும் மணலில் ஓடி முடிக்கிற போட்டி அது. ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று, இருபாலாரும் சேர்ந்த இருவர் படகு ஒன்று. காரைநகரில் மணல் விரிந்து கிடக்கிற கசூரினாக் கடற்கரையை அறிந்தவர்களுக்கு நான் மேலே எதுவும் சொல்லவேண்டியதில்லை.

ஒரு விடயத்தில் நான் உங்களிடம் கண்டிப்பாக இருக்க விரும்புகிறேன். கொழும்பில் இது பெரிய கல்லூரிகளின் விளையாட்டாக வளர்ந்தது. இங்கே அப்படி ஆகக்கூடாது. கல்லூரிப் பிள்ளைகளுக்கு மட்டும் படகு, தகப்பனோடு வள்ளத்தில் போகிற பிள்ளைக்குக் கரையில் நின்று பார்க்கும் உரிமை என்றால், எனக்கு இந்தத் திட்டமே வேண்டாம். கரையோரப் பாடசாலைகளின் பிள்ளைகளுக்குப் பாதி இடம் எழுத்தில் ஒதுக்கப்படவேண்டும். கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களோடு பேசாமல் தண்ணீரில் ஒரு மிதவைகூடப் போடக்கூடாது. அது அவர்கள் தொழில் செய்கிற இடம். வலை விரிக்கிற நேரமும் பயிற்சி நேரமும் மோதாமல் பார்த்துக்கொள்வது பயிற்றுநரின் முதல் வேலைகளில் ஒன்று. அந்தக் கரையிலேயே பிறந்த ஒருவர் உதவிப் பயிற்றுநராக இருந்தால் இன்னும் நல்லது. பத்து வருடம் முடியும்போது பொறுப்பு அவருடைய கையில் இருக்கவேண்டும் என்பது என் ஆசை.

உங்களில் சிலருக்கு ஒரு தயக்கம் வரும். கட்டடம் கட்டினால் கண்ணுக்குத் தெரியும், கல்வெட்டில் பெயர் இருக்கும்; சம்பளம் மாதாமாதம் கரைந்துபோகும். உண்மைதான். வெளிநாட்டில் இரண்டு வேலை செய்து சேர்த்த காசு அது என்பதையும் நான் மறக்கவில்லை. ஆனால் பூட்டிக் கிடக்கிற உடற்பயிற்சிக் கூடங்களையும், பழக்க ஆளில்லாமல் தூசு படிந்த கருவிகளையும் நீங்கள் விடுமுறைக்கு வந்தபோது கண்டிருப்பீர்கள். அவற்றைத் திறந்து வைத்த நாளில் நானும் கைதட்டியிருக்கிறேன். அந்தக் கூடங்களுக்கும் ஓர் ஆள் போட்டிருந்தால் அவை இன்று உயிரோடிருக்கும்.

முதல் மூன்று வருடம் எந்தப் பதக்கமும் கேட்காதீர்கள். எத்தனை பிள்ளைகள் நீந்தப் பழகினார்கள், எத்தனை பெண் பிள்ளைகள் இரண்டாம் வருடமும் வந்தார்கள், கரையோரப் பிள்ளைகளின் இடம் நிரம்பியதா என்று மட்டும் கேளுங்கள். நான்காம் வருடம் ஒரு குழுவைக் கொழும்புக்கு அனுப்புங்கள். தோற்று வந்தாலும் பயிற்றுநரை மாற்றாதீர்கள்.

உங்கள் அடுத்த பொதுக்கூட்ட நிகழ்ச்சி நிரலில் இதை ஒரு விடயமாகச் சேர்க்கும்படி கேட்கிறேன். ஒரு சங்கம் சம்மதித்தால் போதும், அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு மற்றச் சங்கங்களின் படலைகளை நானே தட்டுகிறேன். குருநகர், பாசையூர்க் கடற்றொழிலாளர் சங்கங்களோடு பேசவும் நான் வருகிறேன். அங்கே பல வீடுகளில் என் பழைய மாணவர்கள் இருக்கிறார்கள்.

அன்புடனும் எதிர்பார்ப்புடனும்,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
குருநகர், யாழ்ப்பாணம்.